வான் பாய்ந்ததும் வான் திறந்ததும்: வன்னிக் குளச் சொற்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஆட்டை மேய்ப்பவனைப் பாகன் என்றும் யானையை நடத்துபவனை இடையன் என்றும் ஒரு மாணாக்கன் எழுதுவானாயின், அதனை மரபு வழு என்று சுழித்து மதிப்பெண் குறைப்பது தமிழாசிரியரின் கடமை. தொல்காப்பியனார் மரபியல் என ஓர் இயலையே வகுத்து, எவ்வுயிரின் இளமையை எப்பெயராற் கூறுதல் வேண்டும், எவ்வுயிரின் ஆண் பெண்களை எப்பெயராற் கூறுதல் வேண்டும் என்று எண்ணி எண்ணி உரைத்திருக்கின்றார். இளமை என்னும் தன்மை எல்லா உயிர்க்கும் ஒன்றேயாயினும், பறவையின் இளமைக்கு ஒரு பெயரும் பசுவின் இளமைக்கு இன்னொரு பெயரும் வேண்டப்பட்டன. பொருள் வேறுபடும் இடத்தே சொல்லும் வேறுபடுதல் வேண்டும் என்னும் உணர்வு நம் முன்னோர்க்கு இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுணர்வுக்கு மாறான வேறொரு பழக்கமும் நம் கல்வியில் வேரூன்றியுள்ளது. அது நிகண்டுக் கல்வியின் வழி வந்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளை நெட்டுருப் பண்ணியே நம் பாட்டனார் தமிழ் கற்றனர். நாவலர் அவர்களும் சூடாமணி நிகண்டைப் பதிப்பித்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவினார். நிகண்டு செய்யுள் இயற்றுவோனுக்குக் கருவி. எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ப ஒரு சொல்லை நீக்கி அதன் இடத்தே வேறொன்றைப் பெய்வதற்கு அவனுக்குச் சொற்குவியல் தேவை. ஆகலின் நீர்நிலை என்னும் ஒரு தலைப்பின்கீழ்க் குளம், வாவி, தடாகம், பொய்கை, ஏரி, கயம் என அனைத்தும் ஒரு சாக்கிற் கட்டப்பட்டன. செய்யுளுக்கு இது பொருந்தும். ஆனால் வெள்ளம் வரும் இரவிலே வானொலியில் வாசிக்கப்படும் அறிவித்தலுக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தொழில் செய்வோர் வாயில் ஒருபொருட் பன்மொழி அரிது. அவர்கள் இரண்டு சொல் வைத்திருக்கின்றார்கள் எனின், அங்கே இரண்டு பொருள் இருக்கின்றது என்று கொள்வதே முறை.

வன்னி பெருநிலம் இதனை ஆராய்தற்கு ஏற்ற களம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஊர்ப்பெயரைச் சொன்னால் அது பெரும்பாலும் நீரின் பெயராகவே முடியும். மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், செட்டிக்குளம் எனக் குளத்தில் முடிவன பல. நெடுங்கேணி, கணுக்கேணி எனக் கேணியில் முடிவன சில. முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்பன கட்டினாற் பெயர் பெற்றவை. தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு என்பன முறிப்பினாற் பெயர் பெற்றவை. முரசுமோட்டையில் மோட்டை உண்டு. இரணைமடுவிலும் கல்மடுவிலும் மடு உண்டு. 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரி முதல் இற்றை நாள் ஆய்வாளர் வரை, வன்னியைப் பற்றி எழுதப் புகுந்த எவரும் இக்குளங்களை விட்டு எழுத முடிந்ததில்லை.

ஆயினும் பெயரை மட்டும் நம்பி இந்நிலத்துக்கு வருபவர் ஏமாறுவர். இரணைமடு இன்று மடு அன்று. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. சுண்டிக்குளம் குளமன்று, கடல்நீரேரி. நந்திக்கடல் கடலன்று, அதுவும் கடல்நீரேரியே. நாயாறும் அவ்வாறே ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் கடல்நீரேரி. இவற்றைக் கண்டு, வன்னி மக்கள் சொற்களை மயங்க வழங்கினர் என்று ஒருவர் கூறலாம். அது பொருந்தாது. இரணைமடு என்பது இரட்டையான இரு மடுக்கள் கிடந்த இடத்தின் பெயர். கனகராயன் ஆற்றை மறித்து அங்கே 1902 அளவிற் கட்டத் தொடங்கி 1920 அளவில் முடித்த குளம், அந்த இடத்தின் பெயரையே ஏற்றது. எனவேதான் இவ்வூரார் அதனை இரணைமடு என்று நிறுத்தாமல் இரணைமடுக் குளம் என்று நிறைவாகச் சொல்லுகின்றனர். மடு இயற்கை, குளம் செயற்கை. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லும் வழக்கிலேயே அந்த நிலத்தின் வரலாறு அடங்கியிருக்கின்றது.

குளம் என்ற சொல்லே ஒரு சிக்கல். யாழ்ப்பாணத்தவர் குளம் என்றாற் கோயிலடியில் மாடு நீர் குடிக்கும் சிறு நீர்நிலையை நினைப்பர். சென்னைப் பக்கத்தவர்க்குக் குளம் என்பது பெரும்பாலும் படிக்கட்டுடைய கோயிற் குளம். வயலுக்கு நீர் பாய்ச்சுவது அவர்க்கு ஏரி. செம்பரம்பாக்கமும் வீராணமும் ஏரிகள். பாண்டி நாட்டின் மதுரை, இராமநாதபுரப் பகுதிகளிற் கண்மாய் என்பர். திருநெல்வேலிப் பக்கத்திலோ குளம் என்றே வழங்குவர். ஆகவே வன்னியின் குளம் திருநெல்வேலியின் குளத்தோடு ஒத்தும் யாழ்ப்பாணத்தின் குளத்தோடு ஒவ்வாதும் நிற்கின்றது. அண்மை ஊர் விலகச் சேய்மை ஊர் நெருங்குகின்றது. வாவி என்பதைக் கண்டிக்கும் மட்டக்களப்புக்கும் விட்டுவிடலாம். அவற்றுள்ளும் கண்டி வாவி நன்னீர். மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் நீர். நம் பாடநூல்களோ இவை அனைத்தையும் ஏரி என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகின்றன. முத்தையன்கட்டின் கீழே வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, தான் நாளும் காணும் குளம் வேறு, புத்தகத்தில் வரும் ஏரி வேறு என்று எண்ணி, ஏரியைப் பனிமலை நாட்டுப் பொருளாகக் கருதிவிடுகின்றது. இதனால் உயிருக்குக் கேடில்லை என்பதால் இதனை இவ்வளவில் விடுகின்றேன்.

கேடு உள்ள இடங்களுக்கு வருவோம்.

முதலாவது, கட்டும் அணையும். வன்னிக் கமக்காரர் குளக்கட்டு என்பது மண்ணால் உயர்த்தப்பட்ட நீண்ட கரையை. அணை, அணைக்கட்டு என்பன ஆற்றின் குறுக்கே கல்லாலோ கொங்கிறீற்றாலோ அமைத்து, நீரை மறித்து வாய்க்காலுக்குத் திருப்பும் அமைப்பைக் குறிக்கும். ஆங்கிலேயப் பொறியியலாளர் அணைக்கட்டு என்ற நம் சொல்லையே அனிக்கட் என்று தம் மொழிக்குக் கொண்டுபோயினர். இன்றும் உலகெங்கும் அந்நூல்களில் அது அதே பொருளில் நிற்கின்றது. அதனைக் கொடுத்த நாமோ பொருளை நழுவ விட்டுவிட்டோம். பத்திரிகைகளில் "குளத்தின் அணை", "குளத்தின் அணைக்கட்டு" என்று எழுதுவது இன்று இயல்பாகிவிட்டது.

இதில் என்ன பிழை என வினவுவோர்க்கு விடை எளிது. அணைக்கட்டின் மேலாக நீர் பாய்வது அதன் இயல்பு. அதற்காகவே அது கட்டப்பட்டது. குளக்கட்டின் மேலாக நீர் பாய்வது அதன் அழிவு. மண்கட்டின் முடியைத் தாண்டி நீர் வழியத் தொடங்கினால், அது புறச்சரிவை அரித்து, அரித்த இடத்தால் மேலும் பாய்ந்து, சிறிது நேரத்திற் கட்டையே பிளந்துவிடும். ஆகவே "அணையை மேவி நீர் பாய்கின்றது" என்ற ஒரு வாக்கியத்தை இருவர் இருவிதமாகக் கேட்பர். அணைக்கட்டை அறிந்தவன் மழை நன்றாகப் பெய்திருக்கின்றது என்று அமைதியாக இருப்பான். குளக்கட்டை நினைப்பவன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் தேடுவான். எழுதியவர் எதனை எண்ணினார் என்பதை யார் அறிவார்?

இரண்டாவது வான். இச்சொல்லைக் கேட்டவுடன் வன்னிக்கு வெளியேயுள்ள தமிழர் ஆகாயத்தை நோக்குவர். கற்றவர் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை நினைத்து மழை என்பர். யாழ்ப்பாண நகரத்து இளைஞரோ தெருவில் ஓடும் வாகனத்தை நினைப்பர். "வான் பாய்ந்தது" என்றால் எங்கே, எந்த மதிலில் என்று கேட்கவும் கூடும். அகராதியைத் திறக்கும் மாணாக்கன் முதலிற் காண்பதும் ஆகாயம், மேகம், மழை என்பனவே. குளத்தின் வான் இவற்றில் ஒன்றுமன்று. குளம் தன் முழு மட்டத்தை எய்திய பின்னர் மிகும் நீர், கட்டுக்கு ஊறின்றி வெளியேறுவதற்கென்று விடப்பட்ட வழியே வான். திருநெல்வேலியார் இதனை மறுகால் என்பர். சோழ நாட்டிலும் தொண்டை நாட்டிலும் கலிங்கு என்பர். சிங்களத்திலும் இப்பொருளுக்கு இதே ஒலியுடைய சொல் வழங்குகின்றது. ஒரே வகைக் குளங்களை இரு மொழியாரும் கட்டியும் காத்தும் வாழ்ந்த நிலத்தில் இது வியப்பன்று.

துருசு வேறு. குளத்து நீரை வயலுக்கு விடுவதற்காகக் கட்டின் அடியில் அமைந்த வாயில் துருசு. சித்த மருத்துவ நூல் பயின்றோர் துருசு என்பது மயில்துத்தம் அன்றோ என்பர், அதுவும் உண்மையே. சொல் ஒன்று, பொருள் இரண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வாயிலைத் தூம்பு என்னும். தமிழகத்தார் மதகு என்பர். இங்கேதான் மயக்கம் மிகுகின்றது. ஏனெனில் ஈழத்திலே மதகு என்பது தெருவின் கீழே வெள்ளம் கடந்து செல்ல அமைத்த சிறு பாலம். தமிழகத்துத் தொலைக்காட்சியைக் கேட்டுப் பழகிய நம் செய்தியாளர் சிலர், துருசு என்ற சொல்லைக் கொச்சையென்று கருதி மதகு என்று திருத்தி எழுதுகின்றனர். "குளத்தின் மதகு சேதமடைந்தது" என்று படிக்கும் வன்னி வாசகர், குளத்துக்குப் போகும் தெருவில் ஏதோ உடைந்துவிட்டது என்றே கொள்வர். உண்மையிற் சேதமடைந்தது துருசாயின், அவ்வாண்டின் சிறுபோகமே ஐயத்துக்கு உரியதாகும். திருத்தியவர் தமிழை உயர்த்தினார் அல்லர், செய்தியைக் கெடுத்தார்.

வானுக்கும் துருசுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இன்னும் சற்று ஆழமாகப் பார்த்தல் வேண்டும். துருசால் வெளியேறும் நீர் விளைவுக்கு உரியது, அளவிட்டு விடப்படுவது, இத்தனை நாள், இந்த வாய்க்காலுக்கு, இத்தனை ஏக்கருக்கு என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே கமக்காரரும் அலுவலரும் கூடித் தீர்மானித்தபடி போவது. வானால் வெளியேறுவது குளத்தின் பாதுகாப்புக்கு உரியது. அதன் அளவை மழையே தீர்மானிக்கும். இரணைமடுவின் துருசுகளால் வரும் நீர் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களினூடாக 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்குச் செல்லும். அதன் வானால் வரும் நீர் கனகராயன் ஆற்றின் பழைய வழியே பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கங்களைத் தழுவிச் சுண்டிக்குளக் கடல்நீரேரியை நோக்கிச் செல்லும். ஒன்று வந்தால் மகிழ்ச்சி; மற்றது வந்தாற் கவலை. இரண்டுக்கும் கதவு உண்டு. இந்நிலையில் "குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டன" என்று மட்டும் அறிவித்தால், வாய்க்கால் துப்புரவு செய்ய மண்வெட்டி எடுப்பதா, நெல்மூட்டையை மேலே ஏற்றுவதா என்று கேட்பவர் மயங்குவர் அல்லரோ? மாரியில் துருசை யார் திறப்பார், பருவத்தைக் கொண்டு பொருள் உணரலாமே என்பர் சிலர். மாரி பிழைத்த ஆண்டுகளிற் காலபோகப் பயிருக்கும் துருசு திறக்கப்படுவதை அவர் அறியார்.

பெயர்ச்சொற்களை விட வினைச்சொற்களே இவ்விடயத்தில் ஆராயத்தக்கவை. வான் பாய்ந்தது, வான்கதவு திறந்தது, வான்கதவு திறக்கப்பட்டது, குளம் உடைந்தது, குளம் உடைக்கப்பட்டது, கட்டு வெட்டிவிடப்பட்டது. இவ்வாறும் ஒரே இரவில், ஒரே குளத்தைப் பற்றி, ஒரே செய்தித்தாளில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வருவதை நாம் காண்கின்றோம். தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று வகுப்பறையில் நாம் கற்பிக்கும் பாகுபாடு வெறும் பரீட்சைப் பாடம் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. சிறிய குளங்களின் வானுக்குக் கதவில்லை. நீர் முழு மட்டத்தை எய்தியதும் தானே பாயும். அங்கே "வான் பாய்ந்தது" என்பது தன்வினை. அச்செயலுக்கு மழையன்றி வேறு கருத்தா இல்லை. பெரிய குளங்களின் வானுக்குக் கதவு உண்டு. அதனைத் திறப்பவர் ஒருவர் உண்டு. எப்பொழுது திறப்பது, எத்தனை அங்குலம் திறப்பது என்று முடிவு செய்பவரும் உண்டு. அங்கே கருத்தா இருக்கின்றான். கருத்தா இருக்குமிடத்துப் பொறுப்பும் இருக்கின்றது.

2018 டிசம்பர் 21, 22 ஆகிய நாள்களிற் பெய்த பெருமழையாற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பின்னர் எழுந்த கேள்வி, இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்பதே. அதனை ஆராய விசாரணையும் நடந்தது. யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பது என் வேலை அன்று. அவ்வாரம் பேசப்பட்ட தமிழே என் கவலை. "இரணைமடு பாய்ந்தது" என்று ஒருவர், "இரணைமடுவைத் திறந்துவிட்டார்கள்" என்று இன்னொருவர், "இரணைமடு உடைந்துவிட்டதாம்" என்று மற்றொருவர். மூவரும் ஒரே நிகழ்ச்சியையே சொல்ல எண்ணினர். முதலாமவர் சொல்லில் யாருக்கும் பொறுப்பில்லை. இரண்டாமவர் சொல்லில் முழுப் பொறுப்பும் மனிதர்மேல் வந்துவிடுகின்றது. மூன்றாமவர் சொல்லிற் பேரழிவே நேர்ந்துவிட்டது. கேட்பவன் எச்சொல்லைக் கேட்டானோ அச்சொல்லின்படியே அச்சமும் சினமும் கொண்டான். விசாரணை நடந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது எழுவாயை என்று எங்கள் ஆசிரிய அறையில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கையாயினும் அது இலக்கணத்துக்கு மாறானதன்று.

இது வன்னிக்கு மட்டும் உரியதும் அன்று. 2015 டிசம்பரிற் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற வதந்தி பரவியது. ஏரி உடையவில்லை, நீர் திறந்துவிடப்பட்டது. அதனைத் திறந்த வேளையும் அளவும் முறையா என்ற வாதம் பின்னர் நெடுநாள் நடந்தது. உடைதலையும் திறத்தலையும் பிரித்து நோக்கினாலன்றி அந்த வாதத்தைத் தொடங்கவே முடியாது. உடைந்தது என்றால் இயற்கையின் சீற்றம் என்று கைகழுவலாம்; திறந்தது என்றால் கணக்குக் காட்ட வேண்டும்.

வெட்டுதல் என்னும் சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். வன்னியிற் சிறுகுளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்துள்ளன. மேற்குளம் உடைந்தால் அதன் வெள்ளம் கீழ்க்குளத்தையும் உடைத்துக்கொண்டு போகும். ஆகவே நிலைமை முற்றியபோது, வானை அகலமாக்கியோ, கேடு குறைந்த ஓரிடத்திற் கட்டைத் திறந்தோ நீரை விடுவதுண்டு. ஊரார் அதனை வெட்டிவிட்டது என்பர், உடைத்தது என்னார். வெட்டுதல் காப்பதற்காக, உடைத்தல் கெடுப்பதற்காக. ஒரு வினைச்சொல்லிலே நோக்கம் முழுவதையும் அடக்கும் இத்திறத்தை நம் செய்தி மொழி இழந்துவருகின்றது. பழைய முறிப்புகள் தாம் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டன. தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு என்று சொல்லும்போது, முறிந்த குளத்தின் நினைவை நாம் சுமக்கின்றோம் என்று எண்ணுபவர் எத்தனை பேர்?

மூன்றாவது மயக்கம் எண் பற்றியது. "இரணைமடு முப்பது அடியாகிவிட்டது" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னால், மற்றவர் உடனே கணக்கிடுவார்: மொத்தம் முப்பத்தாறு அடி, எனவே ஆறில் ஐந்து பங்கு நீர் உண்டு, சிறுபோகத்துக்குத் தட்டில்லை. இக்கணக்குப் பிழை. அடி என்பது மட்டத்தின் அளவு. கொள்ளளவின் அளவு ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. அது 43,560 கன அடி. குளம் நேர்ச்சுவருள்ள தொட்டி அன்று. அது தாம்பாளம் போல அடியில் ஒடுங்கி மேலே விரிந்தது. மேலே உள்ள ஓர் அடி, கீழே உள்ள பல அடிகளுக்கு ஈடான நீரைக் கொள்ளும். அண்மைக் காலத்துப் புனரமைப்பின்போது இரணைமடுவின் முழு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டது. அதனாற் கொள்ளளவு ஏறக்குறைய 131 மில்லியன் கன மீற்றரிலிருந்து 148 மில்லியன் கன மீற்றராக உயர்ந்தது. உயரத்திற் பதினெட்டில் ஒரு பங்கு. நீரில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. மேலிரண்டு அடியின் பெறுமதி இதனால் விளங்கும். அம்மேலடிகள் நிரம்பாத ஆண்டில் "பெரும்பாலும் நிரம்பிவிட்டது" என்று சொல்லுவதும், அதனை நம்பிக் கூடுதலான ஏக்கரில் விதைப்பதும், கதிர் பால்பிடிக்கும் வேளையில் வாய்க்கால் வறண்டு நிற்பதும் சொற்பிழையில் தொடங்கி வயற்பிழையில் முடியும் கதை.

இன்னொன்று. பெருங்குளங்களில் அளவுகோலின் சுழியம் பெரும்பாலும் துருசின் வாயிற்படியில் வைக்கப்படும், குளத்தின் தரையில் அன்று. எனவே "ஒன்றுமில்லை" என்று அளவுகோல் காட்டும் நாளிலும் மீனுக்கும் மாட்டுக்கும் நீர் கிடக்கும். வயலுக்கு மட்டும் ஏறாது. நீர் இல்லை என்பதும் பாயும் நீர் இல்லை என்பதும் வேறு வேறு. கன அடியையும் இதனோடு சேர்த்துக் குழப்புவோர் உளர். வினாடிக்கு ஒரு கன அடி என்பது ஓட்டத்தின் வேகம். அந்த ஓட்டம் ஒரு முழுநாள் நடந்தால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அடி நீர் சேரும். இவ்வளவு தெரிந்தாற் செய்தித்தாளின் எண்களை ஒரு மாணாக்கன் தானே சரிபார்த்துவிடலாம்.

நான்காவதாக, மிகைநீர் என்ற சொல்லும் வீண்நீர் என்ற சொல்லும். இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் பற்றி 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்த வாதத்தில், ஒரு சாரார் "வீணே கடலிற் சேரும் நீர்தானே" என்றனர். கமக்காரர் அதனை ஏற்கவில்லை. இரு திறத்தாரிடத்தும் நியாயம் இருந்தது. குடிநீர் இன்றித் தவிப்போரின் தேவையும் சிறுபோகம் இழப்போரின் தேவையும் மெய்யான தேவைகளே. ஆனால் அந்த வாதம் கசந்தமைக்கு வீண் என்ற அடைமொழியும் ஒரு காரணம் என்பது என் துணிபு. மிகை என்பது அளவைச் சொல்லும் சொல். குளத்தின் கொள்ளளவுக்கு மேற்பட்டது என்பதே அதன் பொருள். வீண் என்பது தீர்ப்பைச் சொல்லும் சொல். எவர்க்கும் பயனில்லை என்று அது முடித்துவிடுகின்றது. வானால் வெளியேறும் நீர் சுண்டிக்குளம் கடல்நீரேரியிற் கலந்து அதன் உவரைத் தணிக்கின்றது. அந்நீரையும் உவரையும் நம்பி இறாலும் மீனும் வளர்கின்றன. அவற்றை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. இதே கனகராயன் ஆற்றின் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரலாம் என்று 1950 களில் எண்ணியவர் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். இலங்கையின் நீர்வளம் பற்றி 1969 இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவரும் அவரே. அவர் திட்டமும் மிகைநீரையே நோக்கியது. மிகைநீர் என்ற சொல்லோடு இரு திறத்தாரும் ஒரு மேசையில் அமரலாம். வீண்நீர் என்ற சொல்லோடு அமர முடியாது.

சிறுகுளம், அலைகரை ஆகிய இரண்டையும் சுருங்கச் சொல்லி அமைவேன். சிறுகுளம் என்பது நம் நிருவாகத்திற் சிறிய குளம் என்ற பொருளிலன்றி, 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் தரும் குளம் என்ற பொருளில் வழங்கும் கலைச்சொல். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஏனைய பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவதைப் பெருங்குளம் என்று எழுதி, முறைப்பாட்டைத் தவறான கந்தோருக்கு அனுப்பி, மறுமொழி வராமல் மாதக்கணக்காகக் காத்திருந்தோர் பலர். அலைகரை என்பது குளத்து நீர் ஏறியும் இறங்கியும் அலைக்கும் உட்புற விளிம்பு நிலம். ஆவணியில் அது புல்வெளியாகத் தோன்றும். மார்கழியில் நீரின் கீழ் இருக்கும். அதனை வெறுங்காணி என்று எழுதிவிட்டால் அங்கே வேலி வரும், வேலிக்குப் பின் வீடு வரும், பின்னர் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்ற செய்தியும் வரும். வெள்ளம் வீட்டுக்குள் வந்ததா, வீடு குளத்துக்குள் வந்ததா?

இவ்வாறெல்லாம் ஊர்ச்சொற்களைக் காத்துக்கொண்டிருந்தால், எல்லா நாட்டுத் தமிழர்க்கும் பொதுவான ஓர் உரைநடை எங்ஙனம் வளரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுத்தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. துருசு என்று மட்டும் எழுதினால் மதுரை வாசகர்க்கு விளங்காது என்பதும் உண்மையே. ஆனாற் பொதுமை என்பது வேறுபாடுகளை அழிப்பதால் வருவது அன்று. தொல்காப்பியனார் திசைச்சொல்லை விலக்கவில்லை. நால்வகைச் சொல்லுள் ஒன்றாக வைத்து இடம் கொடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியும் யாழ்ப்பாணத்து வழக்குகளை அடையாளமிட்டுத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. துருசு, அதாவது தமிழகத்தார் மதகு என்பது, என்று ஒருமுறை விளக்கிவிட்டுப் பின்னர் துருசு என்றே எழுதிச் செல்வதால் ஒரு வரி கூடும், அவ்வளவே. அதனை விடுத்துக் கேட்போர் தொண்ணூறு பேரும் வன்னியராய் இருக்கும் அறிவித்தலில், பத்துப் பேருக்காகத் தொண்ணூறு பேரையும் மயக்குவது எவ்வகைப் பொதுமை?

மொழி மாறுவது இயல்பு, தடுக்க முடியாது என்பர் வேறு சிலர். மாறட்டும். காலபோகத்தைப் பெரும்போகம் என்று அரச அறிவித்தல்கள் கூறத் தொடங்கிப் பல காலமாயிற்று; இரண்டும் ஒரே போகத்தையே குறிப்பதால் ஒரு விதைமணியும் அதனாற் கெடவில்லை. அங்கே நான் வழக்காடப் போவதில்லை. மயங்கினாற் கேடு விளையாத சொற்களும் உள, விளையும் சொற்களும் உள. இரண்டாவது வகையையே நாம் வகுப்பறையிற் பிரித்துக் காட்ட வேண்டும். ஒருபொருட் பன்மொழி என்று பட்டியல் எழுதச் சொல்லும் பரீட்சை வினாவுக்குப் பதிலாக, வான் பாய்ந்தது, வான்கதவு திறக்கப்பட்டது, கட்டு வெட்டிவிடப்பட்டது, குளம் உடைந்தது ஆகிய நான்கையும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எழுவாய் யாது, கருத்தா யார், கீழே வாழ்பவன் யாது செய்தல் வேண்டும் என்று கேட்டால், பத்தாம் வகுப்பு மாணாக்கர் இலக்கணத்தையும் தம் ஊரையும் ஒருங்கே கற்பர். எங்கள் பாடசாலையில் இதனைக் கேட்டுப் பார்த்திருக்கின்றேன். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முந்திக்கொண்டு விடை சொன்னார்கள். தமிழிற் கூடிய மதிப்பெண் பெறும் பிள்ளைகள் சற்றே பிந்தினார்கள்.

அறிவித்தல் எழுதுவோர்க்கும் அரிய இலக்கணம் ஒன்றும் தேவையில்லை. குளத்தின் பெயர், திறக்கப்படுவது வான்கதவா துருசா, எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு, திறப்பது எத்திணைக்களம், கட்டு உறுதியாய் உள்ளதா, நீர் எந்த ஆற்று வழியே எந்தெந்த ஊர்களைத் தொடும். "இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் இன்று மாலை ஆறு மணிக்கு ஆறு அங்குலம் நீர்ப்பாசனத் திணைக்களத்தினால் திறக்கப்படும். குளக்கட்டு உறுதியாக உள்ளது. பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை ஆகிய இடங்களிற் கனகராயன் ஆற்றோரம் வாழ்வோர் மாடுகளை இப்பொழுதே மேட்டுக்கு அவிழ்த்துக்கொள்ளவும்." மூன்றே வாக்கியம்.